அட்வான்ஸ் கொடுக்கும் முன்: நெல்லையில் வீடும் அறையும் தேடும் மாணவர்கள் சரிபார்க்க வேண்டியவை

ஜூன் பிறந்தால் பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் தெருக்களில் 'டூ-லெட்' அட்டைகள் தொங்கத் தொடங்கும். கல்லூரிகள் திறந்து சில வாரங்களில் நல்ல வீடுகள் போய்விடும். மிஞ்சியவற்றைப் பார்க்க வருகிறவர்கள் அவசரத்தில் வருவார்கள்; அவசரத்தில் வருகிறவர்களிடம் அட்வான்ஸ் தொகை தானாக ஏறும்.

இந்த அவசரத்தோடு பாதி உண்மைகளும் சேர்ந்துகொள்கின்றன. "பதினோரு மாசம்னா பதிவு வேண்டாம்", "மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேக்கவே கூடாது", "ஹாஸ்டல்னா ஜி.எஸ்.டி. கட்டியே ஆகணும்" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எந்த அளவுக்கு எது சரி என்று பார்ப்போம். அதற்குமுன் ஒன்று: அட்வான்ஸ் முழுதாகத் திரும்பி வருமா என்பது பெரும்பாலும் சாவி வாங்கும் வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. கீழே வரும் சோதனைகளில் பாதி அந்த ஒரு வாரத்துக்கானவை.

எடுப்பது வீடா, இடமா?

தங்குமிடம் என்ற பெயரில் நெல்லையில் நான்கு விதமான ஏற்பாடுகள் இருக்கின்றன. நான்குக்கும் சட்ட நிலை ஒன்றல்ல.

1. தனி வீடு அல்லது போர்ஷன். பூட்டும் சாவியும் குடியிருப்பவர் கையில். இது வாடகை, தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இதற்குத்தான். டவுன், பேட்டைப் பக்கம் வரிசையாக வீடுகள் கொண்ட வளவில் ஒரு வீடு எடுத்தாலும் இதே கணக்குதான்.

2. ஒத்தி. பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது. மூன்று வருடப் படிப்புக்கு லாபமாகத் தெரியும். வீட்டுக்காரர் அந்தப் பணத்தை வேறெங்காவது போட்டிருப்பார். அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் உங்களுக்குப் பணம் வரும். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. மாணவர்களுக்கு இது வேண்டாம்.

3. தனியார் விடுதி, பி.ஜி. (பேயிங் கெஸ்ட்). அறையில் ஒரு கட்டிலுக்குப் பணம். சாப்பாடு, நேரக்கட்டுப்பாடு எல்லாம் நடத்துபவர் கையில். இங்கே நீங்கள் குடித்தனக்காரர் என்பதைவிடப் பணம் கொடுத்துச் சேவை பெறும் நுகர்வோர்.

4. வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஒரு அறை. மாடியில் ஒரு ரூம், பொதுக் குளியலறை. வாய்ப்பேச்சிலேயே நடப்பது இதுதான். தகராறு வந்தால் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

அட்வான்ஸ்: சட்டம் சொல்வது, சொல்லாதது

தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் குத்தகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநகராட்சி எல்லைக்குள் வீடு எடுக்கும் மாணவருக்கு அதில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, பிணைத்தொகை, அதாவது அட்வான்ஸ், மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அதே பிரிவு 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர' என்று தொடங்குகிறது. ஐந்து மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மூன்று மாத வரம்பைப் பிறகு பேசிப் பலனில்லை. எழுதும் முன் பேசினால்தான் அது உதவும்.

இரண்டாவது, காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். "அடுத்த ஆள் வந்ததும் தாரேன்" என்பது சட்டத்தில் இல்லாத வழக்கம்.

மூன்றாவது, எந்தப் பழுது யார் தலையில் என்பதைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், பழைய குழாய் வரிசையை மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆகவே டைப் அடித்து வரும் ஒப்பந்தத்தில் 'காலி செய்யும்போது பெயின்டிங் செலவுக்காக ஒரு மாத வாடகை பிடித்தம்' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும். அந்த வரியை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். மறுத்தால், பிடித்தத்துக்கு உச்சவரம்பாக ஒரு தொகையாவது எழுதச் சொல்லலாம்.

இன்னொன்று. முதலாமாண்டு சேருகிறவர்களில் பலருக்கு 18 நிறைந்திருக்காது. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அவர் போடும் கையெழுத்து செல்லாது. அப்பாவோ அம்மாவோதான் கையெழுத்திட வேண்டும். பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள் என்று மாணவரையே போடச் சொல்லும் வீட்டுக்காரர் தனக்கும் சேர்த்துத்தான் குழி வெட்டிக்கொள்கிறார்.

'பதினோரு மாதம்' எங்கிருந்து வந்தது?

1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் பதினோரு மாதக் கணக்கு. அது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மட்டும் பொருந்தும்.

2017 சட்டம் கேட்கும் பதிவு வேறு. வாடகை எழுத்து ஒப்பந்தமாக இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம், இணையவழியில், பதிய வேண்டும். இதற்குப் பதினோரு மாதம் என்ற விலக்கு கிடையாது. வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ விண்ணப்பிக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் இதற்குப் பொறுப்பு; வாடகை அதிகாரி என்பது அவர்தான். முத்திரைத்தாளில் டைப் அடித்து இருவர் கையெழுத்திட்டால் 'பதிவாகிவிட்டது' என்று நினைப்பது தவறு. அது ஒப்பந்தம் மட்டுமே. பதியாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அட்வான்ஸுக்காக வாடகை அதிகாரியிடம் போனால் முதல் கேள்வியே பதிவு எண் எங்கே என்பதாகத்தான் இருக்கும்.

மாணவர்களுக்கு விடும் வீட்டுக்காரர்களில் பலர் பதிவுக்கு இசைய மாட்டார்கள், அதுதான் நிலவரம். அப்படியானால் எழுத்து ஒப்பந்தமாவது வாங்குங்கள். அட்வான்ஸையும் வாடகையையும் வங்கிக் கணக்கு அல்லது யு.பி.ஐ. வழியாக, 'ஜூலை வாடகை' என்பதுபோலக் குறிப்போடு அனுப்புங்கள்.

சீனியர் விட்டுப்போகும் வீடு

அதிகப் பணம் தொலைவது இங்கேதான். தெரியாத வீட்டுக்காரரை விடத் தெரிந்த அண்ணன் பாதுகாப்பு என்று தோன்றுவதால் யாரும் சோதிப்பதில்லை.

நடப்பது இப்படி. நான்கு பேர் ஒரு வீட்டை 40,000 ரூபாய் அட்வான்ஸில் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் அதில் ஒருவர் பெயரில். அவர் படிப்பு முடிந்து போகும்போது தன் பங்கான 10,000 ரூபாயை வீட்டுக்காரரிடம் கேட்பதில்லை. புதிதாக வரும் ஜூனியரிடம் வாங்கிக்கொள்கிறார். அடுத்த வருடம் இன்னொருவர். சில வருடங்களில் நால்வரும் மாறிவிடுவார்கள், வீட்டுக்காரர் கையில் மட்டும் அதே பழைய 40,000, அதே பழைய பெயர். கடைசி நான்கு பேர் காலி செய்யும்போது மூன்று செட் ஆட்கள் உடைத்த கண்ணாடி, பிடுங்கிய தாழ்ப்பாள், கறுத்த அடுப்படிச் சுவர் எல்லாம் அவர்கள் கணக்கில் விழும். மீதி இருந்தாலும், "நான் வாங்கினது அவன்கிட்ட, அவன வரச் சொல்லு" என்பார் வீட்டுக்காரர். அவன் சென்னையில் வேலையில் இருப்பான்.

சட்டமும் இங்கே ஜூனியர் பக்கம் இல்லை. வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. அப்படி உள்ளே வந்தவருக்கு வீட்டுக்காரரிடம் கேட்க நேரடி உரிமை பலவீனம்.

சீனியர் வீட்டுக்கே போகிறீர்கள் என்றால் செய்ய வேண்டியது:

1. போகிறவர் தன் பங்கை வீட்டுக்காரரிடமே திரும்ப வாங்கட்டும். வருகிறவர் வீட்டுக்காரருக்கே அனுப்பட்டும். ஒரே நாளில் இரண்டு பரிமாற்றம். பணம் புரள்வது அதேதான், ஆனால் வங்கியில் தடம் இருக்கும்.
2. ஒப்பந்தத்தை இப்போது இருக்கும் அத்தனை பேர் பெயரிலும் புதிதாக எழுதச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் மொத்த வாடகைக்கும் சேதத்துக்கும் அவர் ஒருவர்தான் ஆள்.
3. பழைய சேதங்களுக்கு அன்றே கணக்கு முடிக்கச் சொல்லுங்கள். கரண்ட் பில் பாக்கியும் இதில் அடக்கம்.
4. நடுவில் ஒருவர் விலகினால் அவர் பங்கு வாடகையை யார் ஏற்பது என்று உங்களுக்குள் ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று கூச்சமாகத்தான் இருக்கும்.

வீட்டைப் பார்க்கும்போது: தண்ணீர்

குடிநீர் வழங்கல் தரத்தில் நகர்ப்புறத்துக்கு வைக்கும் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். நான்கு பேருக்கு 540. மாநகராட்சிக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது என்றால் தரைத்தொட்டியில் குறைந்தது 1,080 லிட்டர் நிற்க வேண்டும். மாடியில் 500 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றை இரண்டு போர்ஷன்கள் பங்கிடுவதென்றால் தினமும் யாராவது ஒருவர் காலையில் சோப்பு நுரையோடு நிற்பார். எத்தனை குடும்பத்துக்கு எத்தனை டேங்க் என்று கேளுங்கள். மாடியேறிப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஒரு 10 லிட்டர் வாளியைக் குளியலறைக் குழாயடியில் வைத்து நேரம் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் நிறைந்தால் சரி. நான்கு நிமிடம் எடுத்தால், ஆளுக்கு இரண்டு வாளி வீதம் நால்வருக்குப் பிடிக்கவே 32 நிமிடம் போய்விடும். மேல்மாடியில் டேங்குக்கும் குழாய்க்கும் உயர வித்தியாசம் குறைவு என்பதால் இது அங்கேதான் அதிகம்.

ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா என்பதையும் பாருங்கள். குழாய் மூக்கில் வெள்ளைப் படிவு, பக்கெட்டின் உள்பக்கம் சொரசொரப்பு, சோப்பு நுரைக்காமை இவை உப்புத் தண்ணீருக்கு அடையாளம். குளிக்க ஓடும், குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்க வேண்டிவரும். அந்தச் செலவையும் வாடகையோடு கூட்டித்தான் வீடுகளை ஒப்பிட வேண்டும்.

கரண்ட்: யார் மீட்டரில் யார் மோட்டார்

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையும் குறையும். இதனால்தான் தனி மீட்டரா, பொது மீட்டரா என்ற கேள்வி இவ்வளவு முக்கியம்.

நான்கு பேர் வீட்டின் 60 நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 75 வாட் ஃபேன் தினம் 10 மணி நேரம் ஓடினால் 45 யூனிட், நான்குக்கு 180. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு தினம் ஒரு மணி நேரம் என்றால் 120. ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினம் ஒரு மணி நேரம், ஏறத்தாழ 45. விளக்கு, லேப்டாப், போன் எல்லாம் சேர்த்தால் 400ஐ நெருங்கும். தனி மீட்டர் என்றால் இது 500க்குள் நிற்கும். வீட்டுக்காரர் ஏ.சி.யும் அதே மீட்டரில் என்றால் தாண்டிவிடும். உயர்ந்த படியின் விலையைத்தான் உங்கள் பங்கை அளக்க மாட்டும் சப்-மீட்டருக்கும் போடுவார்கள். 'யூனிட்டுக்கு இத்தனை ரூபாய்' என்று ஒரே விலை சொன்னால், 100 இலவச யூனிட் யாருக்குப் போகிறது என்று கேட்க மறக்க வேண்டாம்.

ஒரு எளிய சோதனை: உங்கள் போர்ஷனின் மெயினை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். மினுங்கும் சிவப்பு விளக்கு நிற்க வேண்டும். நிற்காமல் மினுங்கிக்கொண்டே இருந்தால் வேறு எதுவோ உங்கள் கணக்கில் ஓடுகிறது. மோட்டாரைப் போடச் சொல்லி அது யார் மீட்டரை முடுக்குகிறது என்றும் பாருங்கள். வளவு வீடுகளிலும் பழைய மச்சு வீட்டைப் பிரித்துக் கட்டிய போர்ஷன்களிலும், வாசல் விளக்கு, மாடிப்படி விளக்கு, மோட்டார் எல்லாம் ஒருவர் தலையில் விழுந்திருப்பது புதிதல்ல.

மூன்று முனை பிளக்கில் எர்த் இருக்கிறதா, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மாட்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஈரச் சுவரும் வாட்டர் ஹீட்டர் ராடும் சேரும் இடத்தில் உயிர் காப்பது அதுதான்.

சமையலுக்கு முகவரிச் சான்று இல்லாமலே 5 கிலோ சிலிண்டரை அடையாள அட்டை காட்டி விநியோகஸ்தரிடம் வாங்கலாம். பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதில் பிடித்துத் தரும் கடைகளுக்குப் போக வேண்டாம். எடையும் தெரியாது, வால்வும் தேறாது.

ஆற்றுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு உயரம்

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகி, சந்திப்புப் பேருந்து நிலையமும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகமும்கூட நீரில் நின்றன. சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், வண்ணார்பேட்டையின் தாழ்வான தெருக்கள், கால்வாய் ஓரங்கள், பழைய குளத்து நிலத்தில் எழுந்த நகர்கள் இவற்றில் தரைத்தளம் எடுப்பவர்கள் அந்த இரண்டு நாளைப் பற்றிப் பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும். வீட்டுக்காரரை விட எதிர்க் கடைக்காரர் நேராகச் சொல்வார்.

சுவரும் சொல்லும். புது பெயின்டுக்கு அடியில் இடுப்பளவில் ஒரே மட்டமாக ஓடும் மங்கலான கோடு, கேட் கீல்களில் குறிப்பிட்ட உயரம்வரை மட்டும் துரு, மர அலமாரியின் கடைசித் தட்டு மட்டும் உப்பியிருப்பது, கீழே இருந்த பிளக் பாயின்ட்டை அடைத்துவிட்டு நெஞ்சளவில் புதிதாக வைத்திருப்பது. வடகிழக்குப் பருவம் அக்டோபரில் தொடங்கும். ஜூனில் பார்க்கும்போது எல்லாம் காய்ந்து அழகாகத்தான் இருக்கும்.

போக்குவரத்தைப் பிற்பகலில் அளக்காதீர்கள். டவுனில் தங்கி ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் போவதென்றால், 1843இல் திறந்த சுலோசனா முதலியார் பாலத்தைக் காலை எட்டரைக்கு ஒருமுறை கடந்து பாருங்கள். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்குக் கணக்கு நேரெதிர். தென்காசிச் சாலைப் பக்கம், பேட்டை அல்லது டவுன்தான் வசதி. மாணவிகளுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பயணம் இலவசம் என்பதால், அந்தப் பேருந்து நிற்கும் நிறுத்தத்துக்கு நடக்கும் தூரம் வாடகையில் சில நூறு ரூபாய்க்குச் சமம்.

விடுதி என்றால்

பெண்கள் தங்கும் தனியார் விடுதிகளுக்கு, 2014ஆம் ஆண்டு தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரிடம் பதிவும் உரிமமும் கட்டாயம். கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் ஆகிய சான்றுகள் இருந்தால்தான் உரிமம் கிடைக்கும். ஆகவே உரிமத்தின் நகலைக் கேட்பது ஒரே கேள்வியில் மூன்று கேள்வி கேட்பதுபோல. 'அப்ளை பண்ணிருக்கோம்' என்பது உரிமம் ஆகாது. 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பற்றிய தீயில் பெண்கள் இறந்தார்கள் என்பதை நினைவில் வைத்து, இரவில் கிரில் கேட்டைப் பூட்டும்போது சாவி எங்கே இருக்கும், இரண்டாவது வழி உண்டா என்று பாருங்கள். குறுகிய சந்துக்குள் இருக்கும் விடுதியில் தீயணைப்பு வண்டி எதுவரை வர முடியும் என்பதும் கண்ணால் பார்த்தே தெரியும்.

ஜி.எஸ்.டி. விஷயம்: ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல், தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்கினால் தங்கும் கட்டணத்துக்கு வரிவிலக்கு உண்டு, 2024 ஜூலையில் வந்த மாற்றம் இது. நெல்லையில் மாணவர் விடுதிக் கட்டணம் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான். பில்லில் வரி சேர்த்திருந்தால் எந்தச் சேவைக்கு என்று கேளுங்கள்.

நடுவில் காலி செய்தால் என்ன திரும்பும், செமஸ்டர் விடுமுறையில் சாப்பாட்டுப் பணம் கழியுமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

பணம் அனுப்பும் முன்னும், சாவி வாங்கும் அன்றும்

இணைய விளம்பரத்தில் படம் மட்டும் பார்த்து டோக்கன் பணம் அனுப்பக் கூடாது. 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், வீட்டை நேரில் காட்ட முடியாது, க்யூ.ஆர். ஸ்கேன் செய்யுங்கள்' என்பது பழைய மோசடி. பணம் திருப்பித் தருவதாகச் சொல்லி ஸ்கேன் செய்யச் சொன்னாலும் நம்ப வேண்டாம்; பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது. போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். நேரில் பார்க்கும் வீட்டிலும், வீட்டுவரி ரசீதிலும் மின் கட்டண அட்டையிலும் உள்ள பெயர் உங்களோடு பேசுபவர் பெயரா என்று ஒப்பிடுங்கள்; புரோக்கர் பெயரில் அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த வடிவத்தைக் கொடுத்து, 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று தேதியோடு குறுக்கே எழுதுங்கள்.

சாமான் இறக்கும் முன், வெறும் வீட்டை வாசலிலிருந்து புறவாசல் வரை நிற்காமல் ஒரே வீடியோவாக எடுங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடி, ஒவ்வொரு சுவிட்சையும் தட்டி, உடைந்த டைல்ஸ் மேல் விரல் வைத்து, கடைசியில் மீட்டர் எண் தெளிவாகத் தெரியும்படி முடியுங்கள். அன்றே அதை வீட்டுக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, 'இந்த நிலையில் வாங்கிக்கொண்டோம் சார்' என்று ஒரு வரி எழுதுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் தேதி பதிவாகிவிடும்.

காலி செய்யும்போது ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தை எழுத்தில் கொடுத்து, அதே வரிசையில் இன்னொரு வீடியோ எடுங்கள். அட்வான்ஸ் ஒரு மாதத்தில் வராவிட்டால், பதிந்த ஒப்பந்தம் உள்ளவர்கள் வாடகை அதிகாரியிடம் போகலாம். விடுதியில் தங்கியவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே வாதாடலாம். கையில் இருக்க வேண்டியவை பணம் செலுத்திய ரசீதுகள், ஒப்பந்த நகல், இரண்டு வீடியோக்கள், வந்த நாளிலும் போன நாளிலும் எடுத்த மீட்டர் எண்கள்.